பழைய தேக்கும் புதுத் தேக்கும்

"நாலெழுத்து படிச்சவளுக்கு மரத்தைப் பத்தி என்னட்டி தெரியும்?" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான் என்று டெல்லி லோதி ரோடு முழுக்கச் சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

அங்கே ஓர் அதிகாரியின் பங்களாவில், கரையான் அரித்த தேக்குப் பலகைகளை எடுத்துவிட்டு அப்பா புதியவற்றைப் பதித்திருந்தார். பழைய தரை கறுப்பு, புதியது வெளுப்பு. ஒட்டுப் போட்டது தெரிந்தால் வேறு தச்சு மிஸ்திரியைக் கூப்பிடுவேன் என்று வீட்டம்மா சொல்லியிருந்தார். அப்பா புதுப் பலகைகளுக்குக் கறுப்புச் சாயம் கலக்கிக்கொண்டிருந்தபோது நான் சாப்பாட்டுத் தூக்கோடு போய்ச் சேர்ந்தேன். சாயம் வேண்டாம் என்று நான் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி.

"அலமாரியை நகர்த்தின இடத்தைப் பாருங்கப்பா, தேன் நிறமா இருக்கு. இந்தக் கறுப்பு மரத்தோடது இல்லை. கரியடுப்புப் புகையும் பழைய பாலிஷும். மொதல்ல அதைத் தேச்சு எடுங்க."

"வந்துட்டாங்க, பெரிய இஞ்சினீரு!" என்றவர், சாயத்தை மூடி வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்தார்.

மூன்று நாள் தேய்த்து, இரண்டுக்கும் ஒரே பாலிஷ் போட்டார். வீட்டம்மா வெறுங்காலோடு இரண்டு முறை நடந்து பார்த்தும் ஒட்டுப் போட்ட இடம் பிடிபடவில்லை. மாடி அறையையும் நீங்களே செய்யுங்கள் என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அப்பா கேட்டார்: "மாடிக்கு எத்தனை பலகை வேணும்ங்கே?"

நான் கல்லூரி நோட்டைப் பிரித்து நீட்டினேன். அவர் கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்திலேயே மாடிக்குப் போய் அளந்துவிட்டிருந்தேன்.