இரவல் பாட்டில் பிழைப்பு

அடுத்தவன் கிணற்றில் அள்ளி, நம் வாசலில் வைத்து விற்கிற தொழில் இது. பாட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து வரும், விளம்பரம் இன்னொன்றிடமிருந்து. நடுவில், வெள்ளவத்தையில் சமையலை முடித்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கிற எனக்குச் சொந்தம் இணையத்தளத்தின் பெயர் மட்டும். தளத்தில் பாட்டுக் கேட்க வருகிறவர் யாராவது விளம்பரத்தை அழுத்தினால் எனக்குச் சில்லறை விழும். இதே தொழிலில் விழுந்து எழும்பியவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மணமகன் விளம்பரம்

இறந்தவர்களுக்கு நினைவுப் பக்கம் செய்வது என் யோசனைதான். அவர்களுக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு பக்கத்தில் அடுக்கி, முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு அட்டையில் ஒரு கறுப்புக் கியூஆர் சதுரம் அச்சிடுவேன். போனைக் காட்டினால் பக்கம் திறக்கும். முதலில் வந்தவர் கொட்டாஞ்சேனை ரோஸ்மேரி அக்கா. கணவர் அந்தோனி கோயில் பாடகர் குழுவில் பாடியவர். ஒரு திருநாளில் அவர் தனியாகப் பாடியதைக் குழுவில் ஒருவர் பதிந்து, அந்தப் பாட்டுக் கம்பெனியின் தளத்தில் போட்டிருந்தார். மனிதருடைய குரல் மிஞ்சியது அதில் மட்டும்தான்.

அட்டை அச்சாகி வந்தது. அக்கா போனைக் காட்டினார். கணவரின் படத்துக்குக் கீழே, பளபளவென்று ஒரு கலியாணத் தரகரின் விளம்பரம். எது எங்கே வரும் என்று தீர்மானிப்பது நானில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

"அவர அடக்கி இன்னும் ஒரு மாசம் ஆகல்ல. எனக்கு மாப்பிள்ளை பாக்கிறீங்களா, தங்கச்சி?"

வீட்டுக்காரரின் ஆலோசனை

அந்தப் பக்கத்தில் மட்டும் விளம்பரத்தை எடுத்துவிட்டேன். வரும்படியும் கூடவே போயிற்று. ஆனால் என் தளத்திலேயே தவறாமல் திறக்கப்பட்ட பக்கம் அதுதான். தினமும் காலைப் பூசைக்குப் போகுமுன் அக்கா ஒருமுறை கேட்பார். என் கணவர் வங்கிக்காரர். தேநீரோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"சாவீட்டுப் பக்கத்தால என்ன சல்லி வரப்போகுது? அதை எடுத்துப்போட்டுக் கலியாணப் பாட்டைப் போடும்."

கம்பெனியின் பதில்

பிறகு பாட்டுக் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல். மாத முடிவோடு வெளித்தளங்களுக்குப் பாட்டுக் கொடுப்பதை நிறுத்துகிறார்களாம். நெடுநாள் திறக்கப்படாத கணக்குகளிலுள்ள பதிவுகளையும் அழிக்கிறார்களாம். அந்தோனியின் பாட்டைப் போட்டவர் கனடா போய்ப் பல வருடம், கடவுச்சொல் மறந்துவிட்டதென்றார். பிரதி எடுக்க, கம்பெனியோடு நான் செய்த ஒப்பந்தம் விடாது. நான் கன்னியர் மடத்தில் படித்தவள், சம்மதம் என்று அழுத்தினால் சம்மதம்தான். ஆகவே இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அனுமதி கேட்டு மூன்று தரம் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது.

"உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி அடைகிறோம்."

கொட்டாஞ்சேனையில்

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பஸ் ஏறிப் போய் அக்காவிடம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் போனை மேசையில் வைத்துப் பாட்டை அழுத்தினார். ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது என்று என் போனைப் பக்கத்தில் வைத்துப் பதியத் தொடங்கினேன்.

அந்தோனி பாடினார். கணீரென்ற குரல், அவசரமில்லாத குரல். இரண்டாவது அடியில் அக்காவும் சேர்ந்துகொண்டார், சுருதி சற்றுக் கீழே. உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். கவனிக்கவேயில்லை, கடைசி அடி வரைக்கும் பாடினார். முடிந்ததும், இன்னொரு தரம் எடுப்போம், இந்தமுறை நீங்கள் பேசாமல் இருங்கள் என்றேன்.

"நாப்பது வருசமா அவர் பாடும்போது நான் வாய மூடினதில்ல, தங்கச்சி. இப்ப மட்டும் ஏன் மூடணும்?"

மறுபடி எடுக்கவில்லை. இத்தனை நாள் பாட்டை வைத்துப் பிழைத்தவளின் கையில் உண்மையாக இருப்பது ஒரேயொரு பாட்டு, அதுவும் திருடியது.