முடியாது என்று சொன்ன பெட்டி

அவிநாசியில் பனியன் கம்பெனி நடத்தும் கிருபாசங்கரைக் கஞ்சன் என்று சொல்ல மாட்டேன். கஞ்சனுக்காவது கணக்குத் தெரியும். "உங்களுக்கு வயசாயிப்போச்சுங்க, புதுசு எதுவும் இனி உங்க மண்டையில ஏறாதுங்க" என்று கணக்குப்பிள்ளை காளிச்சாமியைப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பினார். அதே வாரம் ஆபீசின் பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்றச் சொன்னார். 'இந்தக் கம்ப்யூட்டருக்கு ஆகாது' என்று திரையே சொன்னது.

"அது கெடக்குதுங்க, குறுக்கு வழியில ஏத்திப்போடுங்க" என்றார் சர்வீஸ்காரரிடம். ஏறியதும் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். இப்போது ஒரு பில் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அவர் பெருமை மட்டும் ஆறவில்லை.

பில் போடும் லோகப்பிரியா பணிவாகத்தான் கேட்டாள்: "ஏனுங்க, முடியாதுன்னு சொன்னது இந்தப் பொட்டிதானுங்க. காளிச்சாமியண்ணன் அப்படிச் சொல்லவே இல்லீங்களே?"