முந்நூறு மோட்டாருக்கு ஒரே பாஸ்வேர்டு

நத்தர்ஷா பாய் ஒரு மாதமாகக் கடையில் உட்காருவதே இல்லை. கம்பத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவருடையது. மோட்டார் ஸ்டார்ட்டர் விற்பார், மாட்டுவார், பழுது பார்ப்பார். இப்போது காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிறார். தான் மாட்டிய பெட்டிகளுக்கெல்லாம் பாஸ்வேர்டு மாற்றுகிறார், அவற்றில் பதிந்திருந்த தன் போன் நம்பரையும் எடுக்கிறார். முந்நூற்றுச் சொச்சம் பெட்டிகள். பாதிதான் முடிந்திருக்கிறது. நான் மூன்று வருஷமாகத் தொண்டை வறளச் சொன்ன வேலை இது. அப்போது கேட்டிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

இணையத் திருடர்கள் என்றால் அவருக்கு இருக்கும் பயம் இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் கிடையாது. போனின் முன்பக்கக் கேமராமேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்பார். போனில் பணம் அனுப்பும் ஆப் எதையும் ஏற்ற மாட்டார். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தால் உடனே திறக்க மாட்டார். அனுப்பியவரைக் கூப்பிட்டு, "நீங்கதேன் அனுப்புனீகளா, இல்ல ஒங்க பேர்ல எவனாச்சும் அனுப்புறானா?" என்று விசாரித்துவிட்டுத்தான் தொடுவார். பத்திரிகையைத் திறந்த ஒருவரின் பேங்க் கணக்கு துடைத்தெடுக்கப்பட்ட கதையை அவர் எங்கோ கேட்டிருந்தார். அதை என்னிடமே பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பார். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். எனக்கே பாதுகாப்பு வகுப்பு எடுப்பார்.

ஆனால் ஊரார் மோட்டார் என்று வந்துவிட்டால் அந்த ஜாக்கிரதை எல்லாம் எங்கே போகுமோ தெரியாது. மொபைல் ஸ்டார்ட்டர் என்பது மோட்டார் ரூமில் மாட்டும் பெட்டி. உள்ளே ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்தே அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொரு தடவை கொடுத்தால் நிற்கும். இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சைக்காரர், வாழைக்காரர், தென்னைக்காரர் எல்லோரும் இப்போது இதைத்தான் மாட்டுகிறார்கள். அந்தப் பெட்டிகள் அத்தனைக்கும் பாய் வைத்த பாஸ்வேர்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"மாத்துங்க பாய்" என்பேன்.

"மாத்துனா நாளைக்கே மறந்துட்டு என் கடை வாசல்ல வந்து நிப்பாக ஆத்தா. திராட்சைத் தோட்டத்து மோட்டாரை எவன் வந்து களவாடப் போறான்? அமெரிக்காக்காரனுக்குச் சுருளிப்பட்டியில என்ன சோலி?"

அமெரிக்காக்காரன் வரவில்லை, கடன் கொடுக்கிற கம்பெனிக்காரி வந்தாள். பாய் முதலில் மாட்டிய பெட்டிகள் யார் கூப்பிட்டாலும் வேலை செய்யும் ரகம். வேலுச்சாமி என்பவரின் பெட்டியில் இருந்த சிம்முக்கு ஒரு நாள் கடன் வேண்டுமா என்று அழைப்பு வந்தது. மோட்டார் ஓடியது. கடன்காரி விடாமல் நான்கு தடவை கூப்பிட்டாள். ஓடி நின்று, ஓடி நின்று, வேலுச்சாமியின் வாழைக்குத் தவணை முறையில் தண்ணீர் பாய்ந்தது. ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு பாய் புதுரகப் பெட்டி வாங்கினார். பதிந்து வைத்த நம்பர்கள் கூப்பிட்டால் மட்டும் அது வேலை செய்யும். தோட்டக்காரர் நம்பர், அவர் சொல்லும் இன்னொருவர் நம்பர், மூன்றாவதாகத் தன் நம்பர் என்று பதிந்துவிடுவார். மோட்டார் ஓடவில்லை என்று யாராவது புலம்பினால் கடையில் இருந்தபடியே கூப்பிட்டுச் சோதிக்கலாமே என்பது அவர் கணக்கு.

அதாவது முந்நூறு கிணற்றுத் தண்ணீரும் ஒரு மனிதரின் சட்டைப்பையில் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வரும், அந்த நம்பரையும் எடுக்கச் சொல்வேன். அவருக்கோ பெருமையாக இருக்கும்.

சுருளிப்பட்டியில் ராக்கப்பன் என்ற திராட்சைக்காரருக்கும் அப்படித்தான் மாட்டியிருந்தார். ராக்கப்பனுக்கும் அவர் தம்பி ஒச்சாண்டிக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஆளுக்கு ஒரு நாள் முறை. அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை, தம்பிக்குத் தென்னை. ஆகவே பெட்டியில் அண்ணன், தம்பி, பாய் என்று மூன்று நம்பர்கள். போன கோடையில் முறைத் தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் வரப்பில் நின்று வாய்ச்சண்டை போட்டார்கள். பிறகு ராசியாகிவிட்டார்கள். ஒச்சாண்டியின் மகள் திரிஷாவுக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவானதும், பெரியப்பா என்று ராக்கப்பன் பெயரைத்தான் பத்திரிகையில் முதலில் அச்சடித்தார்கள். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துக் கொடுத்தவள் நான்.

சித்திரைக் கடைசியில் ராக்கப்பன் தோட்டத்தில் பழம் வெட்டுக்குத் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை கேரள வியாபாரி வருவதாகப் பேச்சு. வெட்டுக்கு முன்னால் திராட்சைக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் பழம் தண்ணீரை இழுத்துத் தோல் வெடித்துவிடும். ராக்கப்பனும் மோட்டாரை நிறுத்தியிருந்தார், வால்வு மட்டும் திராட்சைப் பக்கமே திறந்து கிடந்தது. திங்கட்கிழமை மனைவியின் சொந்தத்தில் ஒரு விசேஷம் என்று கெங்குவார்பட்டிக்குப் போனார். ஒச்சாண்டியும் அன்றே பெரியகுளம் பக்கம் பத்திரிகை வைக்கப் போனார், புதன் வரை திரும்பவில்லை. தோட்டத்தில் ஆள் இல்லை.

அதே திங்கட்கிழமை மத்தியானம் நத்தர்ஷா பாய் என் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் சுண்டியிருந்தது.

"ராக்கப்பன் அண்ணன் என் போனைக் கட் பண்ணுறாக ஆத்தா. சம்பந்தி வீட்டுக்கு ரெண்டு கிலோ திராட்சை கேக்கலாம்னு கூப்பிட்டேன். ஒரு ரிங்குலயே கட்டு."

"வேலையா இருப்பாக."

"இருக்கட்டும். இனிமே நான் கூப்பிட மாட்டேன்" என்றார். அவருக்கு ரோஷம் சீக்கிரம் வரும்.

புதன்கிழமை காலையில் ராக்கப்பன் திரும்பி வந்தபோது பந்தலுக்குக் கீழே கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய்ப் போய் வந்தாலும் தானாக எடுத்து ஓடும்படி பாய் அமைத்துக் கொடுத்திருந்தாரே, அந்தச் சௌகரியத்தில் இரண்டு நாளாக ஓடியிருந்தது. வெள்ளிக்கிழமை வியாபாரி வந்து ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தார். பாதிப் பழம் வெடித்து ஈ மொய்த்தது. டெம்போவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை ராக்கப்பன் பாயிடம் வந்தார். நானும் இருந்தேன். கத்தவில்லை. "பாய், இந்தப் பெட்டி தானா ஓடுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓடாதுண்ணே. பெட்டி பொய் சொல்லாது. பதிஞ்ச நம்பர்ல இருந்து கூப்பிட்டாத்தேன் ஓடும். ஒங்க நம்பரு, தம்பி நம்பரு, என் நம்பரு. வேற எவன் கூப்பிட்டாலும் அசையாது."

"நான் கூப்பிடல" என்றார் ராக்கப்பன். பிறகு எழுந்து போய்விட்டார். பாய் கூப்பிட்டிருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பாய்க்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் சேர்ந்து ஒச்சாண்டியைக் குற்றவாளியாக்கிவிட்டோம். அதில் என் பங்கும் உண்டு என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அன்று சாயங்காலமே ராக்கப்பன் தம்பி வீட்டு வாசலில் நின்று, "கோடையில வச்ச வஞ்சத்தை இப்பத் தீர்த்துக்கிட்டியேடா. பத்திரிகையில என் பேரை அடிச்சிரு. ஒன் வீட்டுக் கல்யாணத்துல நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். தெருவே கேட்டிருக்கிறது. ஒச்சாண்டி தான் செய்யவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். பிறகு வாயைத் திறக்கவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை திரிஷா பாயைத் தேடி வந்தாள். கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. பேசுவதற்கு முன்பே கண் கலங்கிவிட்டது.

"பாய், அப்பா சாப்பிடவே மாட்டேங்குறாக. பெரியப்பா வராட்டி கல்யாணமே வேணாம்னு எனக்குத் தோணுது. யாரு கூப்பிட்டாகன்னு அந்தப் பெட்டியில இருக்காதா?"

பாய் யோசித்தார். இந்தப் புதுரகத்துக்கு ஒரு ஆப் உண்டு, அதில் கடைசி நூறு அழைப்புகள் தெரியும் என்று டீலர் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. "எம் போன்ல ஆப்பெல்லாம் ஏத்துறதில்ல. விஜி, ஒம் போன்ல ஏத்திப் பாரு. நாளைக்குச் சொல்றோம், நீ அழுகாமப் போ தாயி" என்று அவளை அனுப்பிவைத்தார்.

ஆப்பை ஏற்றினேன். பெட்டி நம்பர் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திறந்துகொண்டது. சுருளிப்பட்டி மோட்டாரை என் ஜெராக்ஸ் கடை நாற்காலியில் உட்கார்ந்தே ஓட்டலாம் போல இருந்தது. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். திங்கட்கிழமை, மத்தியானம் இரண்டு நாற்பது. ஒரு நம்பர் இருந்தது. அது அண்ணனுடையதும் இல்லை, தம்பியுடையதும் இல்லை. வாசித்தேன். ஐந்தாவது எண்ணிலேயே பாயின் முகம் மாறிவிட்டது. வெளியே அவர் கடைப் பலகையில் பெயிண்டால் எழுதியிருந்த நம்பரும் அதுதான்.

பாய் தன் போனை எடுத்துப் பார்த்தார். பெயர்ப் பட்டியலில் 'ராக்கப்பன்', அதற்கு அடுத்து 'ராக்கப்பன் மோட்டார்'. சம்பந்திக்குத் திராட்சை கேட்க விரல் ஒரு வரி தள்ளிப் பட்டிருக்கிறது. பெட்டி ஒரு ரிங்கில் அழைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் மோட்டாரைப் போடும். அது அவருக்குத் தெரியாதா? வாரத்துக்கு நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். அன்றைக்கு ரோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இதை அழிக்க முடியுமா ஆத்தா?"

"முடியும். ஒரு பட்டன்தான்" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. முந்நூறு பேர் இவர் சொல்லை நம்பிப் பெட்டி மாட்டியவர்கள். இது வெளியே தெரிந்தால் எத்தனை பேர் கழற்றிக் கொண்டுவந்து கடை வாசலில் போடுவார்களோ. அந்தப் பயம் எனக்கும் புரிந்தது. ஆனாலும் அவர் கேட்டுவிட்டாரே என்று கோபம் கோபமாக வந்தது. அவர் எழுந்து கடைக்குப் போனார். ஒரு மணி நேரம் ஒரு பழைய ஸ்டார்ட்டரின் அதே திருகைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு வந்து, "அதைப் பிரிண்ட் எடு. நீயும் கூட வா. படிச்ச புள்ள நீ பக்கத்துல நின்னா நான் பாதியில மாத்திச் சொல்ல மாட்டேன்" என்றார்.

ராக்கப்பன் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். பாய் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திராட்சை கேட்க நினைத்தது, ஒரு ரிங்கில் கட் ஆனது, தன் ரோஷம், அழித்துவிடலாமா என்று கேட்டது, எதையும் விடவில்லை. ராக்கப்பன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பழம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாய், இப்பிடிச் செய்வோம். பெட்டி கோளாறுன்னு சொல்லிருவோம். ஒன் தொழிலுக்கும் பங்கமில்ல. எனக்கும் தம்பி மூஞ்சியில முழிக்க ஒரு வழி கெடைக்கும்."

அது நல்ல யோசனை போலத்தான் எனக்கும் பட்டது. பாழாய்ப்போன மிஷின்மேல் பழியைப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? மிஷினுக்கு மானமா, மரியாதையா?

பாய் மறுப்பாகத் தலையை அசைத்தார். "பெட்டி சரியாத்தேன் வேலை பார்த்திருக்குண்ணே. கூப்பிட்டது நானு. பெட்டி பொய் சொல்லாதுன்னு ஒங்ககிட்டச் சொன்னதும் நானு. கோளாறுன்னு சொன்னா ஒச்சாண்டி மேல பாதிச் சந்தேகம் அப்பிடியே நிக்கும்."

அடுத்த தெருதான் ஒச்சாண்டி வீடு. மூவரும் நடந்து போனோம். கல்யாண வீடு என்பதற்கு அடையாளமாக வாசலில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒச்சாண்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாய் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட திரிஷா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராக்கப்பன் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார்.

ஒச்சாண்டி எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு பாயிடம், "ஒம் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல பாய். நீ ஆளு தெரியாம பட்டனை அமுக்கிட்ட" என்றார். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. "இவுக ஆளு தெரிஞ்சே சொன்னாக."

ராக்கப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"திரிஷா, பெரியப்பாவை உள்ள கூப்பிடு. பத்திரிகையில பேரு அப்பிடியேதான் இருக்குன்னு சொல்லு. சோறு போடு" என்றார் ஒச்சாண்டி.

"நீங்களும் வாங்கப்பா, ரெண்டு பேருக்கும் சேர்த்தே போடுறேன்."

"இவுக சாப்பிடட்டும். நான் பெறகு தின்னுக்கிறேன்."

ராக்கப்பன் உள்ளே வந்து உட்கார்ந்தார். திரிஷா தட்டு வைத்துச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவர் பிசைந்தார். நானும் பாயும் கிளம்பும் வரை பிசைந்துகொண்டே இருந்தார்.