இருபத்து நான்கு பாட்டில் நல்ல தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடை முடித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன். போனில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெயில்.

'முதல் களப்பயணம் பற்றிய பகுதியை நீக்கி, திருத்திய அறிக்கையை அனுப்பவும். அதன் பிறகே இரண்டாம் தவணை நிதி விடுவிக்கப்படும்.'

இரண்டே வரி. மரியாதையான வரிகள்தான். ஆனால் படித்ததும் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி டீச்சர் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல திட்டம் இருக்கிறது. ஆமாம், நல்ல திட்டம்தான்... திட்டுவதற்கு முன்னால் அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா? ஓர் ஆசிரியர், கூடவே ஐந்து இளங்கலை மாணவர்கள், குழுவாகச் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி. செலவுக்குப் பல்கலைக்கழகம் பணம் தரும், இரண்டு தவணையாக. பி.எச்டி. பண்ணுகிறவர்கள் மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டுமா? பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் கேட்கக் கூடாதா? எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. விண்ணப்பித்தேன், கிடைத்தது.

சேர்ந்தவர்கள் ஐந்து பெண்கள். ஐந்து பேருமே சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். மிளகாயும் மானாவாரி நெல்லும் போடுகிற குடும்பங்கள். குழுத் தலைவி காளீஸ்வரி. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். எனக்கும் அதே வியாதி என்பதால் இருவருக்கும் ஒத்துப்போனது.

எங்கள் கேள்வி எளிமையானது. தேவிபட்டினம் கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக, கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு குறைகிறது? 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரிகளை மிரட்டுவார்களே, அந்தக் காட்டிலேயே பிறந்த பிள்ளைகள் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

ஒரு சனிக்கிழமை வேன் பிடித்துக் கிளம்பினோம். இருபத்து நான்கு அரை லிட்டர் பாட்டில், இருபத்து நான்கு வீட்டுக் கிணறு. பிள்ளைகள் வீடு வீடாகப் போய், "உங்க கிணத்துத் தண்ணி ஒரு பாட்டில் வேணும், காலேஜ்ல டெஸ்ட் பண்ணணும்" என்று கேட்டார்கள். வீட்டிலிருந்த பெண்கள் சிரித்த முகத்தோடு பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள், நிரப்பிக்கொண்டு வந்து தந்தார்கள். சில வீடுகளில் மோரும் கிடைத்தது. நான் வேன் பக்கத்தில் நின்று லிஸ்டில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். பெரிய மேற்பார்வை!

திங்கட்கிழமை லேபில் உப்பு அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தால்... இருபத்து நான்கும் நல்ல தண்ணீர். கடலை ஒட்டிய வீடும் நல்ல தண்ணீர், உள்ளே தள்ளியிருக்கிற வீடும் நல்ல தண்ணீர். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று மாற்றிப் பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது.

காளீஸ்வரி ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டாள். லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று நான் கத்துவதற்குள் முழுங்கியும் விட்டாள்.

"மேம், இது கிணத்துத் தண்ணி இல்ல. குடத்துத் தண்ணி."

"என்ன சொல்ற?"

"டிராக்டர்ல வரும்ல, காசு குடுத்து வாங்குற தண்ணி, அது. வீட்டுக்கு வந்த ஆளு தண்ணி கேட்டா உப்புத் தண்ணியவா குடுப்பாக? எங்கம்மாவும் இதத்தான் மேம் செஞ்சிருக்கும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபத்து நான்கு அரை லிட்டரைக் கூட்டினால் ஏறக்குறைய ஒரு குடம். குடம் குடமாக விலைக்கு வாங்கிக் குடிக்கிற ஊர், முகம் கோணாமல் ஒரு குடத்தை எங்களுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து நான் மீட்டரில் முக்கியிருக்கிறேன்.

மறு சனிக்கிழமை திரும்பவும் போனோம். இந்த முறை பிள்ளைகளே வாளி போட்டு இறைப்பதாக ஏற்பாடு. முதல் வீட்டிலேயே பேச்சியம்மாள் என்கிற அம்மா கிணற்றை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வேணாந்தாயி, அது கரிக்கும். வாயில வைக்க முடியாது. இங்கன வா, நல்ல தண்ணி தாரேன்."

"குடிக்க இல்லம்மா, சோதிக்கத்தான்" என்றேன் நான்.

"இருக்கட்டும் டீச்சரம்மா. எங்க ஊருக்கு வந்த புள்ளைகளுக்கு உப்புத் தண்ணியக் குடுத்து அனுப்புனோம்னு நாங்க பேரு வாங்கணுமா?"

கெமிஸ்ட்ரியில் இதற்குப் பதில் இல்லை. காளீஸ்வரிதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த உப்பு இருக்குன்னு எழுதுனாத்தான் ஊருக்குக் குழாய் கேக்க முடியும்" என்று புரியவைத்தாள். பேச்சியம்மாள் யோசித்தார். பிறகு வாளியை அவரே எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு எடுத்த தண்ணீரில்தான் உண்மை இருந்தது. கடலை நெருங்க நெருங்க மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது.

இடைக்கால அறிக்கையைப் பிள்ளைகளே எழுதினார்கள். ஆறாம் பக்கத்தில் நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள்: 'முதல் பயணத்தில் நாங்கள் கிணற்றுத் தண்ணீர் கேட்டோம். மக்கள் குடிதண்ணீர் கொடுத்தார்கள். தவறு எங்களுடையது. நாங்களே இறைத்திருக்க வேண்டும்.' அவர்கள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

பல்கலைக்கழக மதிப்பீட்டுக் குழு முன்னால் ஐந்து பேரும் நானும் போய் நின்றோம். அந்தக் குழுவின் தலைவர் கெட்டவர் இல்லை. கனிவாகத்தான் பேசினார்.

"மேடம், இதெல்லாம் எதுக்கு? முதல் ட்ரிப் ஃபெயிலியர். அதை எடுத்துட்டா ரிப்போர்ட் க்ளீனா இருக்கும். பிள்ளைங்களுக்கும் நல்லது."

காளீஸ்வரி கையைத் தூக்கினாள். "சார், ஒண்ணு கேக்கலாமா? எங்களுக்கு முன்னாடி அந்த ஊருக்குப் பாட்டிலோட போனவங்க இருந்தா, அவங்க எந்தத் தண்ணிய வாங்கிட்டு வந்திருப்பாங்க?"

அதோடு அவள் நிறுத்தவில்லை.

"இத எடுத்துட்டா, அடுத்துப் போறவங்களும் குடத்துத் தண்ணியத்தான் சார் வாங்கிட்டு வருவாங்க. ஊர்ல நல்ல தண்ணி இருக்குன்னு எழுதிருவாங்க. அப்புறம் எப்பிடி சார் அவங்களுக்குக் குழாய் வரும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குட் கொஸ்டின்" என்றார். "நெக்ஸ்ட் டீம்!"

அதற்கப்புறம் வந்ததுதான் அந்த இரண்டு வரி மெயில்.

அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? எந்தக் கல்லூரிக்கு வேண்டுமானாலும் போய் லேப் ரெக்கார்டை எடுத்துப் பாருங்கள். ஒரு தப்பு இருக்காது. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினால் தப்பு எப்படி வரும்? உபகரணம் உடைந்திருந்தாலும் விடை சரியாக வந்திருக்கும்! அந்த நோட்டுகளில் வருடக்கணக்காகச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டவள் நான். தப்பை மறைத்தால் மார்க், சொன்னால் திட்டு... இதைத்தானே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம்? பிறகு மேடையேறி, நம் பிள்ளைகளிடம் ஆராய்ச்சி மனப்பான்மை இல்லை என்று அழுவோம்.

புதன்கிழமை ஐந்து பேரையும் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். சித்திரையில் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போகும்போது இன்னொரு முறை தண்ணீர் எடுக்க வேண்டும். அது இல்லாமல் இந்த வேலை பாதிதான். வேனுக்கும் வெளி லேபுக்கும் அந்த இரண்டாம் தவணைதான் ஆதாரம். பக்கத்தை எடுத்தால் பணம் வரும். எடுக்காவிட்டால் பணமும் போகலாம், சான்றிதழும் போகலாம். "முடிவு உங்களுடையது" என்றேன்.

காளீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் கடைசியில் உட்கார்ந்திருந்த சண்முகப்பிரியா பேசினாள். வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிற பெண்.

"அந்தப் பக்கத்த எடுத்தா, என் பேரயும் எடுத்துருங்க மேம்."

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். ஒருத்திகூடத் தயங்கவில்லை. "வேன் இல்லாட்டி டவுன் பஸ்ல போவோம், பாட்டிலு என்ன கனமா கனக்கப்போகுது?" என்றாள் காளீஸ்வரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருட வாத்தியார் வேலையில் இவ்வளவு பெருமையாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. எந்தப் பல்கலைக்கழகம் தரும் எந்தத் தவணையும் இதற்கு ஈடாகாது.

வெள்ளிக்கிழமை அறிக்கையை அனுப்பிவிட்டோம். அதே அறிக்கை, அதே எண்கள், அதே ஐந்து பெயர்கள். ஒரே ஒரு மாற்றம். ஆறாம் பக்கத்தில் இருந்த எங்கள் தவறை முதல் பக்கத்தில் வைத்தோம்.

திருத்தி அனுப்பச் சொன்னார்கள்... திருத்திவிட்டோம்!