போட்டிக்கு ஆள் பிடித்த கதை: அரியலூர் வழியாகப் பெரம்பலூர்

சனிக்கிழமை காலை 7.50, திருச்சி ஜங்ஷன். அரியலூருக்குப் பாசஞ்சர் டிக்கெட் இருபது ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. மடியில் இருந்த பையில் ஓடும் ஷூ, மாத்திரை டப்பா, மாற்றுச் சுடிதார் ஒன்று, ஆறு மாதுளம்பழம். பழம் சரோஜாவுக்கு லஞ்சம்.

லஞ்சம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது அறுபத்து நான்கு. கரூரில் கொசுவலை கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு வெளியே வந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்பு நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அது தேறியதும் கணுக்கால் எலும்பில் விரிசல். இரண்டுக்கும் பிறகு பதினொரு ஓட்டப் போட்டிகளில் ஓடியிருக்கிறேன். டாக்டர் ஓடாதே என்று சொல்லவில்லை. கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டச் சொன்னார். நாடித்துடிப்பு நூற்று முப்பதைத் தொட்டால் அது கத்தும், கத்தினால் நான் நடக்க வேண்டும். அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

பதினொன்றில் ஒன்பது முதல் பரிசு. கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் அந்த ஒன்பது முறையும் நான் ஒருத்திதான் என்று தெரிந்ததும் மூடிக்கொள்வார்கள். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைங்க." இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், மனிதர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே என்று தோன்றியது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். வியாழக்கிழமை, போட்டியை நடத்தும் தம்பி போன் செய்தார்.

"அம்மா, உங்க கேட்டகிரில நீங்க ஒரே ஆளு. மூணு பேராவது இருந்தாத்தான் போட்டி வைப்போம். உங்கள ரெண்டு கிலோமீட்டர் விழிப்புணர்வு நடைல சேத்துடறோம். பலூன் தருவோம், மோர் தருவோம்."

"நான் ஓடறதுக்குப் பேர் குடுத்திருக்கேன் தம்பி. பலூன் புடிக்க இல்ல."

"அப்ப இன்னும் ரெண்டு பேரக் கூட்டியாங்கம்மா," என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

காலை 9.40, அரியலூர். தார்ப்பாய் கட்டிய சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போகின்றன. சாலையோர வேப்பிலைகூட மாவு பூசினாற்போல் இருக்கிறது. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். சரோஜாவைப் போன வருஷம் தஞ்சாவூர் ஓட்டத்தில் பழக்கம். வயது அறுபத்தொன்று. அன்று என்னோடு கடைசிவரை மல்லுக்கு நின்றவள். நான் ஜெயிக்காத இரண்டு போட்டிகளில் ஒன்று அது. விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. பிறகு உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுருங்கிவிட்டது.

"பையன் வேணாங்கறான். வயசுக்குத் தக்கன இருங்கம்மா, வுழுந்து வச்சா யாரு பாக்கறதுன்னு கேக்கறான். ஷூவப் பரண்ல தூக்கிப் போட்டுட்டான்."

"பரண்ல ஏணி போட்டு ஏறலாமே?"

"நீ சும்மா இரு. சாப்புட்டுப் போ."

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. நன்றாகவே சாப்பிட்டேன், கோபத்தைச் சோற்றின் மேல் காட்டக்கூடாது. வாசல்வரை வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் சேத்து நீ ஓடிடு," என்றாள்.

"அதெல்லாம் முடியாது சரோஜா. தலைக்கு ஒரு நம்பர்தான் குடுப்பாங்க."

கொஞ்சம் கடுமைதான். ஆனால் சொல்லிவிட்டேன்.

பகல் 12.30, பெரம்பலூர் பஸ். முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபத்தேழு ரூபாய். பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள், மகள் வீட்டுக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறாள். பெயர் அஞ்சலை, ஊர் செட்டிகுளம், வேலை சின்ன வெங்காயத்துக்குத் தாள், அதாவது காய்ந்த தண்டு, அறுப்பது. எட்டு கிலோமீட்டர் போவதற்குள் இவ்வளவும் சொல்லிவிட்டாள். பிறகு என் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, இம்மாம் பெரிய ஷூவு? உங்க பையனுதா?"

"என்னுது. நான் ஓட்டப் பந்தயத்துல ஓடறவ."

"இந்த வயசுலயா? யாரு தொரத்தறாங்க?"

"தொரத்த ஆளு இல்லங்கறதுதான் பிரச்சன," என்று முழுக்கதையையும் சொன்னேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்களும் கேட்டார்கள்.

அஞ்சலை யோசித்தாள். "எனக்கு அறுவத்திரண்டு. ஆனா ஆளு வேணும்னா எங்க ஓரகத்தி ராசாம்பாவக் கேளுங்க. அறுவத்தாறு அவளுக்கு. கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்கோயிலு படி ஏறுறா. கல்யாணமாயி வந்த நாள்லேர்ந்து அவளுக்குப் பின்னாடியே நடந்து என் காலுதான் தேஞ்சு கெடக்கு."

பெரம்பலூரில் இறங்கி லாட்ஜ் தேட வேண்டியவள், அஞ்சலையோடு செட்டிகுளம் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இருபது கிலோமீட்டருக்கு மேல், இரண்டு பக்கமும் மக்காச்சோளத் தட்டையும் வெங்காயக் காடும்.

மாலை 3.30. வெங்காயம் சேமிக்கும் பட்டறைக்குப் பக்கத்தில், சேலைக்கு மேல் புருஷன்மாரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆறு பெண்கள் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் போன உடனே கண்ணில் தண்ணீர். "யாரு செத்ததுக்கு அழுவறாங்க?" என்றது ஒரு குரல். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் யார் என்று கேட்டேன். ஆறு கையும் உயர்ந்தது. ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னேன். போன் உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்கள். மூன்று பேருக்கு ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை, இரண்டு பேருக்கு ஐம்பத்தெட்டு.

"எனக்கு எழுவதாவுதுங்க," என்று சண்டைக்கு வந்தாள் ஒருத்தி. "போட்டோ புடிச்சவன் அவம்பாட்டுக்கு வயச எழுதிட்டான். அதனாலதான் முதியோர் பணமும் வரல, இப்ப ஓட்டத்துலயும் சேக்க மாட்டீங்களா?"

அவளுடைய அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். தேறியது ஒரே ஓர் அட்டை. அது ராசாம்பாவுடையது. ஒல்லி, கறுப்பு, தாடை நீளம். நான் பேசியதெல்லாம் கேட்டும் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை.

"ஜெயிச்சா என்னா குடுப்பாங்க?"

"கப்பு. ஓடற எல்லாருக்கும் ஒரு பனியன்."

"பனியனு வேலைக்கு ஆவும்." இரண்டு வெங்காயம் அறுத்தாள். "இவளும் வராளா?"

"வராம?" என்றாள் அஞ்சலை. "நீ வரன்னா நான் வரேன்."

"இவ வந்தா நான் கட்டாயம் வரணும். இல்லன்னா நான் பயந்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவா."

அன்று அஞ்சலை வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். சோற்றை அவள் போட்டாள், குழம்பை ராசாம்பா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். இரண்டு பேரும் மாறி மாறி ஊற்றியதில் நான் எழுந்திருக்கவே சிரமப்பட்டேன்.

ஞாயிறு காலை 5.15, முதல் பஸ். தைப் பனி. 6.05க்குப் பெரம்பலூர் மைதானம். போட்டி நடத்தும் தம்பி எங்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நெஜமாவே கூட்டியாந்துட்டீங்களாம்மா?"

"ரெண்டு. எண்ணிக்கங்க."

ஆம்புலன்ஸ்காரரிடம் இரண்டு பேருக்கும் பிரஷர் பார்க்கச் சொன்னேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சட்டை மேலேயே நம்பரைக் குத்தினார்கள். "ஷூ இல்லியேம்மா?" என்று தம்பி தயங்கினார்.

"ஷூவா தம்பி ஓடப்போவுது? காலுதான ஓடப்போவுது," என்றாள் ராசாம்பா. விதியில் செருப்பைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பட்டியலில் 'பெண்கள் 60+' என்பதை அடித்திருந்த கோட்டின் மேல் தம்பி மறுபடி எழுதினார். நான் நின்று, எழுதி முடிக்கும்வரை பார்த்தேன்.

6.30க்கு விசில். அஞ்சலை அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி போல் பாய்ந்தாள். ஒரு கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போங்க கரூரக்கா, வந்துடறேன்!" ராசாம்பா ஓடவே இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை வீசி, நடந்தாள். நான் ஓடுகிறேன், அவள் நடக்கிறாள், எங்களுக்கு நடுவில் இடைவெளி கூடுகிறது. சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவர் இறங்கியே பார்த்தார். "ஏம்மா, அந்தம்மா நடக்கறத உங்களால ஓடிப் புடிக்க முடியலியா?"

கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினேன். புறவழிச் சாலையில் திரும்பும்போது கடிகாரம் 128. அடுத்த மேட்டில் கத்தியது. நடந்தேன். 117 வந்ததும் ஓடினேன். மறுபடி கத்தியது. இந்த இரண்டு ஸ்டென்டுகளையும் சுமந்துகொண்டு எப்படி ஓட வேண்டுமென்று எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒருத்தி இருக்கும்போது எப்படி ஓடுவதென்பதுதான் மறந்து போயிருந்தது. காலில் ஒரு ரோஷம் வந்தது பாருங்கள், அதைக் கடைகளில் விற்பதில்லை.

மைதானத்துக்குள் நுழைந்தபோது ராசாம்பா அறுபது அடி முன்னால். எல்லைக்கோடு அவளுக்குப் பத்தடியில். அங்கே திடீரென்று நின்றுவிட்டாள். திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சு? கால் புடிச்சிக்கிச்சா?" என்று ஓடிப் போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க மொதல்ல போங்க."

"ஏன்?"

"நம்மூருக்கு வந்த ஆளு, எங்க வூட்டுல சோறு தின்ன ஆளு. உங்கள வுட்டுட்டு நான் முன்னாடி போனா நல்லாவா இருக்கும்? பந்தியில மொத எல விருந்தாளிக்குத்தான்."

"இது பந்தி இல்ல!"

நானும் நின்றுவிட்டேன். "யாருமே இல்லாம ஒம்பது தடவ மொதல்ல வந்துட்டேன். நீ வுட்டுக்குடுத்துப் பத்தாவது வாங்கவா ரயிலேறி வந்தேன்? போ ராசாம்பா!" மூத்தவளை ஒருமையில் பேசிவிட்டேன். அவள் அசையவில்லை.

"நீங்க போங்க."

"நீ போ."

"கோட்டத் தாண்டுங்கம்மா!" என்று மைக்கில் கெஞ்சினார் தம்பி. "யாராச்சும் ஒருத்தர் தாண்டுங்கம்மா!"

கடிகாரம் கத்தியது. நின்ற இடத்தில் 134. ஓட்டத்துக்கு இவ்வளவு ஏறாதது கோபத்துக்கு ஏறிவிட்டது. நான் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினேன். அப்போது பின்னால் வெறுங்கால் சத்தம். சட்டை வால் பறக்க, தலைமுடி அவிழ, எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து போனாள் அஞ்சலை.

"உபசாரத்த முடிச்சிட்டுப் பொறுமையா வாங்க!"

கோட்டைத் தாண்டிவிட்டாள்.

"அடியே!" என்று ஒரு சத்தம். அன்று காலை முதன்முறையாக ராசாம்பா ஓடினாள். நான் சிரித்துக்கொண்டே, கடிகாரம் அடங்குமட்டும் மெல்ல நடந்து மூன்றாவதாகப் போனேன்.

மேடையில் அஞ்சலை கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல. ராசாம்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்: "உங்களாலதான் ஆச்சு. அடுத்த தடவ அந்த முருகனே வந்து எதுக்க நின்னாலும் நான் நிக்க மாட்டேன்."

"நிக்காதீங்க," என்றேன். "நின்னா நான் வரவே மாட்டேன்."

இருவரையும் செட்டிகுளம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, 9.30க்குத் திருச்சி பஸ். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். ஏறியதும் ஒரு பிள்ளை எழுந்து, "உக்காருங்கம்மா," என்றது. வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடாலூர் வரை நின்றேன். அந்தப் பிள்ளை மேல் வருத்தம் இல்லை. ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து கரூரில் நான் போகிற இடமெல்லாம் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். மாடிப்படி பக்கம் போனால் பதறுகிறார்கள், மளிகைப் பையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். எல்லாம் அன்புதான். ஆனால் நேற்றுவரை என்னைத் தெரியாத இரண்டு பெண்கள் இன்று என்னைத் தோற்கடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அந்த மரியாதையை எனக்கு எங்கள் ஊரில் யாரும் கொடுத்ததில்லை.

அடுத்த மாதம் அரியலூரில் ஓட்டம். எங்கள் மூன்று பேருக்கும் பஸ்ஸிலிருந்தே பெயர் கொடுத்துவிட்டேன். நாளைக் காலையிலிருந்து வேகநடை பழகப் போகிறேன்.