பச்சை எழுத்து, நீல எழுத்து

எனக்கு வேலை வால்வு திறப்பது. கிரிவலப் பாதையில் இருக்கிற எங்கள் ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று, வால்வு பதினாலு. திறப்பேன், மூடுவேன். பேச வேண்டிய வேலை இல்லை. எனக்கு ஒத்துப்போனது.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர் என் மச்சான், என் மனைவிக்கு அண்ணன். ஏரிக்கரை போர்வெல்லில் மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் அவர். அவர் ஏற்றினால்தான் நான் திறக்க முடியும். தொட்டி நிறைந்ததை நான் சொன்னால்தான் அவர் நிறுத்த முடியும். இந்த வேலையில் இருந்துகொண்டு நாங்கள் நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் பெரிதில்லை. அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். வாசலில் நின்று எல்லாரையும் ‘வாங்க’ என்றார். என்னைச் சொல்லவில்லை. நான் சாப்பிடாமல் திரும்பிவிட்டேன். வாங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது என் கோபம். பால் காய்ச்சின வீட்டில் மாப்பிள்ளை கை நனைக்காமல் போனான் என்பது அவர் கோபம். இரண்டும் நியாயம். அதனால்தான் இத்தனை வருடம் ஓடியது.

ஐந்தாவது வருடம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் மணையில் உட்கார முடியாது. அவள் தாய்மாமன் அவர் ஒருவர்தான்.

அதற்கு முன்னால் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலில் எங்களுக்குச் சேதி சொல்ல டீக்கடைதான் இருந்தது. நான் பாய்லரைப் பார்த்து, “டேங்க் ரொம்பிடுச்சு” என்பேன். மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிப்பார். கிளாஸை வைத்துவிட்டுப் போவார். மோட்டார் நிற்கும். சில நாள் அவர் பிஸ்கட் பாட்டிலிடம், “சாயந்தரம் கரண்ட் இல்லியாம்” என்பார். நான் காலையிலேயே எல்லாத் தெருவுக்கும் விட்டுவிடுவேன்.

டீக்கடைக்காரர் ஒருநாள் சலித்துப்போனார். “உங்க ரெண்டு பேரு பேச்சையும் கேக்கறதுக்கு என் பாய்லர் இன்னா பாவம் பண்ணுச்சு?”

பிறகு போன் நோட்டு வந்தது. ஊராட்சி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். எங்கள் போனில் அதை ஏற்றிக் கொடுத்தாள்.

“அண்ணா, இது ஒரே நோட்டு. உங்க போன்ல, அவர் போன்ல, என் கம்ப்யூட்டர்ல, மூணுலயும் இருக்கும். யாரு எழுதினாலும் மத்த ரெண்டு பேருக்கும் உடனே தெரியும். உங்க எழுத்து பச்சை. அவர் எழுத்து நீலம்.”

“எதுக்கு?”

“சேந்து வேலை செய்யறதுக்குண்ணா.”

மச்சான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஒரு விரலால் தேடித் தேடி அழுத்துவேன். வாயால் சொன்னால் போன் தானே எழுதிக்கொள்ளும் என்று அந்தப் பெண் காட்டினாள். வேண்டாம் என்றேன். வாயால் சொன்னால் அது பேச்சு. விரலால் அழுத்தினால் அது வேலை. மச்சானும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவரும் ஒரு விரல்தான்.

நோட்டு நன்றாக நிறைந்தது. ‘டேங்க் ஃபுல். நிறுத்தவும்.’ இது பச்சை. ‘நிறுத்தியாச்சு.’ இது நீலம். ஒரு வரி கூட விட்டுப்போகாது. பேசிக்கொள்கிறவர்கள் என்றால் சொல்லிவிட்டோமே என்று எழுதாமல் விடுவார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

“இவ்ளோ ஒழுங்கா யாரும் எழுதறதில்லண்ணா. இன்னா ஒத்துமை உங்களுக்குள்ள!” என்றாள் அந்தப் பெண். பெரிய ஆபீசிலிருந்து வந்த அதிகாரியிடம் காட்டினாள். அவர் எங்களைத் தொட்டிக்குக் கீழே நிற்க வைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது.

“நெருங்கி நில்லுங்கப்பா.”

நாங்கள் நெருங்கவில்லை. அதிகாரியே வந்து அந்த இடத்தில் நின்றுகொண்டார்.

நோட்டில் ஒரு குறை. ஏரிக்கரையில் நெட் சிக்னல் கம்மி; போன் போட்டால் மட்டும் போகும். ஒரு பௌர்ணமி அன்று மதியமே ஜனம் ஜாஸ்தி. பாதையில் இருக்கிற குழாய் எல்லாம் வறண்டது. ‘மோட்டார் போடவும்’ என்று எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கையில் போன் இருந்தது. அதில் அவர் நம்பரும் இருந்தது. மச்சான் என்றுதான் போட்டு வைத்திருந்தேன், மாற்றவில்லை. அதை அழுத்தாமல் மூன்றாவது தடவையும் எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்து நீலம் வந்தது. ‘கரண்ட் இல்லை.’ அவர் அதை எனக்கு முன்னாலேயே எழுதியிருந்தார். சிக்னல் வந்தபோதுதான் அது வந்தது.

“ஒரு போன் பண்ணக் கூடாதாண்ணா?” என்றாள் அந்தப் பெண்.

“நோட்டுல எழுதச் சொன்னது நீதானம்மா” என்றேன்.

கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் என் மனைவி ஆரம்பித்தாள். “தட்டு எடுத்துக்கினு ரெண்டு பேருமாப் போய் எங்க அண்ணனக் கூப்புடணும்.”

“வாங்கன்னு சொல்லலன்னா?”

“சொல்ற வரைக்கும் நிப்போம். இன்னா, உனக்குக் கால் வலிக்குமா? எங்க அண்ணன் பட்டம் கட்டலன்னா எம்பொண்ணு மணையில உக்கார மாட்டா.”

மகள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், “மாட்டேன்” என்றாள். பேச்சில் என் ஜாதி அவள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நோட்டு பேச்சில்லை. அதில் கூப்பிட்டால் நான் பேசினதாக ஆகாது. அவருக்கும் சொன்னதாகிவிடும். ‘வால்வு 6 மூடியாச்சு’ என்று எழுதி, அதன் கீழே, ‘மகளுக்குக் கல்யாணம். வரவும்’ என்று போட்டேன்.

உடனே பதில் வந்தது. அன்றைக்கு மட்டும் ஏரிக்கரையில் சிக்னல் இருந்தது.

‘நோட்டில் கூப்பிட்டால் நோட்டில்தான் வருவேன்.’

அந்தப் பெண் போன் செய்தாள். “அண்ணா, சொந்த விஷயம் எழுதாதீங்க. பெரிய ஆபீஸ்லயும் பாக்கறாங்க.”

நான் என் வரியை அழித்தேன். கொஞ்ச நேரத்தில் நீல வரியும் காணாமல் போனது.

அதற்குப் பிறகு ஒரு வாரம், வால்வு திறந்துவிட்டுத் தொட்டி நிழலில் உட்கார்ந்து ஏதாவது எழுதுவேன். ஒருநாள் ‘மச்சானுக்கு’ என்று மட்டும் வந்தது. ஒருநாள் ‘தட்டோடு வரலாமா’ என்று வந்தது. யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிடுவேன். அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பெண் ஆபீசுக்கு வரச் சொன்னாள். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள்.

“அழிச்சா போயிடும்னு நெனச்சீங்களாண்ணா? இந்த நோட்டுல பழசு எல்லாம் உள்ள இருக்கும்.”

பச்சையாக ஏழு வரி. குளிக்கும்போது கதவு திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

“அவரும் பாக்கறாரா?”

“உங்க போன்ல தெரியாதுண்ணா. இங்க மட்டும்தான்.” பக்கத்தை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். “அவரும் எழுதி அழிச்சிருக்காரு. காட்டட்டுமா?”

நான் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் காட்டினாள்.

‘கல்யாணம் என்னைக்கு.’ ‘பையன் என்ன வேலை.’ ‘பட்டம் நான் வாங்கணுமா அவங்களே வாங்கிட்டாங்களா.’

எல்லாம் நீலம். நான் எழுதி அழித்த அதே நாட்கள்.

“நீங்க அழிச்சதையும் அவர் அழிச்சதையும் சேத்துப் படிச்சா நல்லாத்தான் பேசிக்கினு இருக்கீங்க” என்றாள்.

அன்று சாயந்தரம் தட்டு எடுத்துக்கொண்டு போனோம். வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை. மச்சான் புது வீட்டு வாசலில் லுங்கியோடு நின்றார், கையில் போன். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். நான்கு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடம். அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. என் மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள்.

அவர் குனிந்து போனை அழுத்த ஆரம்பித்தார். ரொம்ப நேரம் அழுத்தினார். ஒரு விரல்தானே.

என் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது. எனக்கு இரண்டு கையிலும் தட்டு. என் மனைவி பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“வாங்கன்னு போட்டிருக்குது.”

“என்ன கலரு?”

“நீலம். உள்ள போய்யா.”

போனேன். மச்சான் தன் தங்கையிடம், “மாப்ளய உக்காரச் சொல்லும்மா” என்றார். உட்கார்ந்தேன். காபி வந்தது. குடித்தேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் நான் கை நனைத்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணம் ஊர் சமுதாயக் கூடத்தில் நடந்தது. மச்சான் பட்டு வேட்டியில் வந்தார். மகள் நெற்றியில் பட்டம் கட்டினார். அவள் அழுதாள். அவரும் துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் என் மனைவியிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தாலி கட்டி முதல் பந்தி எழுந்தது. கை கழுவப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். குழாயில் காற்றுதான் வந்தது. நூறு பேர் சாம்பார் கையோடு வரிசையில் நின்றார்கள்.

“இன்னாங்க இது, தண்ணி வுடறவர் வூட்டுக் கல்யாணத்துலயே தண்ணி இல்லியா?” என்றார் சம்பந்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தார்.

போனை எடுத்து நோட்டைத் திறந்தேன். முந்தின நாள் பக்கம். ‘நாளை லீவு. மாற்று ஆள்: மோட்டார்க்காரர்.’ என் எழுத்து. ‘நாளை லீவு. மாற்று ஆள்: வால்வுக்காரர்.’ அவர் எழுத்து. அந்த இடத்தைக் காலியாக விட்டால் நோட்டு லீவை ஏற்றுக்கொள்ளாது. ஊராட்சியில் தண்ணீருக்கு இரண்டு பேர்தான். இரண்டு வரிக்கும் நேராக அந்தப் பெண் டிக் போட்டிருந்தாள். அவளும் வரிசையில் நின்றாள், சாம்பார் கையோடு.

நிமிர்ந்தேன். மச்சான் பக்கத்தில் நின்றார். அவர் கையிலும் போன், அதே பக்கம்.

“மோட்டார் யாரும் போடல, மாப்ள” என்றார்.

வாயைத் திறந்து என்னிடம் சொன்னார்.

“வால்வும் மூடித்தான் இருக்குது, மச்சான்.”

“வண்டி எடு.”

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னால் ஏறினார். ஏரிக்கரையில் அவரை இறக்கிவிட்டேன். மோட்டார் போட்டார். நான் திரும்பி வந்து வால்வு திறந்தேன். தொட்டி நிறைந்ததும் அவர் நம்பரை அழுத்தினேன். இரண்டு தடவை அடித்தது.

“ரொம்பிடுச்சு.”

“சரி.”

அவ்வளவுதான் பேசினோம்.

மறுநாள் ஆபீசுக்குப் போனபோது அந்தப் பெண் முகம் சரியில்லை. நேற்றைய பக்கத்தைக் காட்டினாள். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை.

“மோட்டார் போட்டது, நிறுத்துனது, வால்வு தெறந்தது, ஒண்ணுமே இல்லண்ணா. ரெண்டு பேரும் இன்னா பண்ணீங்க?”

“பேசிக்கினோம்” என்றேன்.

“ஏண்ணா இப்படிப் பண்றீங்க?” என்றாள். “இத்தன நாளா எவ்ளோ ஒத்துமையா இருந்தீங்க.”