அம்பிட்டியவுக்குக் கொண்டுபோன வயிறு

காலை ஆறரைக்குக் கெலிஓயாவில் பஸ் ஏறினோம், நானும் மனைவி பரமேசுவும். கண்டிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீற்றர். சண்டைக்காலத்தில் தூரத்தை வைத்து நேரம் சொல்ல முடியாது. சோதனைச் சாவடிகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. வழியில் நான் போகக்கூடிய மலசலகூடங்கள் மூன்று. இரண்டு வருடமாக என் வயிறு சொல்லிக்கொண்டு புறப்பட்டதில்லை.

வயிறு பொருமும், வயிற்றால் போகும். மெலிந்துகொண்டே வந்தேன். இரும்புச்சத்துக் குளிசை விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை. பார்த்த வைத்தியர்கள் மூவரும் நாட்டு நிலைமையால் வந்த கவலை என்றார்கள். பிறகு கனடாவிலிருந்து தங்கை தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணை, எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாத வருத்தமாம். குடும்பத்தில வருமாம். நீங்களும் இரத்தம் சோதிச்சுப் பாருங்கோ." கண்டியை அடுத்த அம்பிட்டியவில் ஒரு டொக்டர் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறார் என்று விசாரித்து அறிந்தேன்.

ஏழு மணிக்குப் பேராதனைப் பாலத்துக்கு முன்னால் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். வயிறு உடனே முறுக்கியது. வரிசையை விட்டு ஓடுகிற தமிழனை என்ன நினைப்பார்கள்? அடையாள அட்டையை நீட்டியபடி பல்லைக் கடித்து நின்றேன். சிப்பாய் பரமேசுவின் பையிலிருந்த வாழையிலைப் பொதியைக் காட்டி என்னவென்று கேட்டான். "பிட்டு," என்றாள். சிங்களத்திலும் அதே சொல்தான். சிரித்துப் போகவிட்டான்.

கண்டியிலிருந்து அம்பிட்டியவுக்கு ஓட்டோ நூற்றைம்பது ரூபா. ஓட்டியவர் மலையகத்துக்காரர்.

"மெல்லப் போங்கோ தம்பி. வயிறு சரியில்லை."

"மெதுவா போறேங்க ஐயா. ஆனா இந்த வளைவெல்லாம் நான் போட்டதில்லைங்க."

எட்டே முக்காலுக்கு டொக்டரின் முன்னால் இருந்தோம். கண்டி முஸ்லிம் பெண்மணி. குறுக்கே பேசாமல் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்: "ரெண்டு மாதமாப் பாண், ரொட்டி, பணிஸ் ஒண்டும் தொடேல்லை."

அவர் பேனாவை வைத்தார். "யாரு சொன்ன நிப்பாட்டச் சொல்லி? கோதுமையை விட்டுட்டு வந்தா இரத்தத்தில ஒண்டும் தெரியாம போயிரும், ஐயா. திரும்பச் சாப்பிடணும். ஒண்டரை மாசத்துக்குப் பிறகு வாங்க."

இன்னொரு முறை அந்தப் பாலம், அந்த வரிசை.

"சரி, இரவைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டார் டொக்டர்.

பரமேசு முந்திக்கொண்டாள். "பிட்டு, டொக்டர். ஒரு நாளும் விடமாட்டார். அரைவாசி அரிசிமா, அரைவாசி அவிச்ச மா."

யாழ்ப்பாணத்தார் கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, அரித்து, டின்னில் போட்டு வைப்போம். அவித்துவிட்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை என்பது எங்கள் நினைப்பு. பாணை ஒதுக்கிய நான் அதைக் கோதுமைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

டொக்டர் சிரித்துவிட்டார். "அவிச்சாலும் அது கோதுமைதானே அம்மா! அப்ப ஐயா ஒரு நாளும் நிப்பாட்டல்ல. இண்டைக்கே இரத்தம் எடுப்போம். முடிவு வந்து, வயித்துக்குள்ள குழாய் விட்டும் பார்க்கும் வரைக்கும் அதே பிட்டைச் சாப்பிடட்டும்."

இரத்தம் எடுத்த தாதி குப்பியில் என் பெயரை ஒட்டினாள். "இது கொழும்புக்குப் போகும், ஐயா. இதுக்கிட்ட அடையாள அட்டை கேக்க மாட்டாங்க."

மதியம் கண்டி வாவிக்கரையில் வாங்குப் பலகையில் இருந்தோம். பரமேசு பொதியை அவிழ்க்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"தெரிஞ்சுகொண்டு எப்பிடித் தாறது? இவ்வளவு நாளும் நானெல்லோ உங்களுக்கு நஞ்சு வைச்சிருக்கிறன்."

"உம்மட பிட்டாலதான் திரும்ப அந்த வரிசையில நிக்காமல் இரத்தம் குடுத்தனான். தாரும்."

முழுவதையும் சாப்பிட்டேன். திரும்பும் வழியில் வயிறு வழக்கம்போலப் பொருமியது. இம்முறை அது எனக்குச் சாட்சி சொல்வதுபோல் இருந்தது.

அடுத்த கிழமை முடிவு வந்தது: தங்கைக்கு வந்த அதே வருத்தம். பின்னர் குழாய் விட்டுப் பார்த்தும் அதையே சொன்னார்கள். அன்றே பரமேசு மா டின்னைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுச் சிவப்பரிசியை ஊறப்போட்டாள்.

அதற்குப் பிறகும் பேராதனைப் பாலத்தடியில் எத்தனையோ தடவை இறங்கி வரிசையில் நின்றேன். மலசலகூடங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லோரையும்போலச் சிப்பாய்களை எண்ணினேன்.